தாங்கி நிற்கும் நாதம்

ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும் நம் குடும்பத்தினர், இன்று பல ஆலயங்களில் பாடகர் குழுவின் ஓரத்தில் நீண்ட கழுத்துடைய நான்கு தந்திக் கருவியொன்றை ஏந்தி ஓர் இளைஞர் நிற்பதைக் காண்கின்றனர். அதுவே மின் பேஸ் கிட்டார். ஆர்மோனியமும் கீபோர்டும் பாட்டின் மெட்டை எடுத்துச் செல்ல, இக்கருவி கீழ்ச்சுரங்களை ஒலித்துப் பாட்டைத் தாங்குகிறது. வீட்டிற்குக் கடைக்கால் எப்படியோ, பாட்டிற்கு இது அப்படி.

ஆனால் இக்கருவி தனித்து நின்று ஒலிக்க இயலாதது. இதற்கு ஆம்ப்ளிபயர் வேண்டும். சில மாதங்கள் சென்றதும், ஓசையின் நிறத்தை மாற்றும் பெடல்கள் வேண்டும் என்ற ஆசையும் பிறக்கிறது. மகன் தந்தையிடம் கேட்கிறான். பாடகர் குழு பங்குப்பேரவையிடம் கேட்கிறது. கேட்கப்படுவோர்க்கோ இப்பொருள்களைப் பற்றி ஏதும் தெரியாது. கடைக்காரர் சொல்வதே வேதவாக்காகி விடுகிறது. பணம் வீணாவது ஒருபுறமிருக்க, அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் வயது முதிர்ந்த தாயின் செவியில் பாட்டின் சொற்கள் விழாமற் போய்விட்டால், எத்துணை விலையுயர்ந்த கருவியாலும் பயன் என்ன? ஆகவே, இதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

திருச்சபையின் அளவுகோல்

1903-ஆம் ஆண்டில் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திரு இசை பற்றி வெளியிட்ட மடலில், பியானோவையும் ஆரவாரமிக்க தாளக் கருவிகளையும் ஆலயத்தில் இசைப்பதைத் தடை செய்தார். அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1963-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டில் குழாய் ஆர்கனுக்கு உயர்ந்த இடத்தை அளித்ததோடு, பிற கருவிகளுக்கும் வழி திறந்தது. அக்கருவிகள் புனித வழிபாட்டிற்கு ஏற்றனவாக இருத்தல் வேண்டும். ஆலயத்தின் மாண்புக்குப் பொருந்துதல் வேண்டும். இறைமக்களின் பக்தியை உண்மையாகவே வளர்த்தல் வேண்டும். அதற்குரிய அதிகாரியின் இசைவும் வேண்டும்.

1967-இல் திரு இசை பற்றி உரோமையிலிருந்து வந்த அறிவுரை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. கருவிகள் குரலுக்குத் துணை நிற்கலாம். ஆனால் சொற்கள் விளங்காதபடி குரலை மூழ்கடித்தல் ஆகாது. குருவானவர் தமக்குரிய பகுதிகளை உரக்கச் சொல்லும்போது கருவிகள் மௌனமாயிருத்தல் வேண்டும். இவ்விரு நெறிகளையும் மனத்திற்கொண்டு கடைக்குச் செல்வோமாயின், பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

கீழ்ச்சுரத்தின் இயல்பு

பேஸ் கிட்டாரின் வரலாறு நெடியதன்று. ஆள் உயரத்திற்கு நின்ற பெரிய டபுள் பேஸ் கருவியைத் தூக்கிச் சுமப்பது இசைக் குழுக்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951-இல் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் மின் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அடுத்த ஆண்டே அதற்கென 'பேஸ்மேன்' என்னும் ஆம்ப்ளிபயரையும் அவருடைய நிறுவனம் வெளியிட்டது. சாதாரண கிட்டாரின் பெட்டி இதற்குப் போதவில்லை என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர்.

காரணம் இதுதான். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் தடித்த தந்தியோ 82 முறை அதிர்கிறது. 41 அதிர்வுடைய ஒலியலை ஒன்றின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். இவ்வளவு நீண்ட அலையை எழுப்ப ஸ்பீக்கர் மிகுதியான காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு மின்திறனும் மிகுதியாக வேண்டும். சாதாரண கிட்டாருக்குரிய சிறிய ஆம்ப்ளிபயரில் பேஸ் கிட்டாரை இணைத்து உரக்க வாசித்தால், ஒலி கரகரப்பதோடு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பே கிழிந்து போகலாம். "இருப்பதையே வைத்துக் கொள்ளலாமே" என்று எண்ணும் பெற்றோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

எத்தனை வாட் வேண்டும்?

கடையில் முதலில் காதில் விழும் சொல் 'வாட்' என்பது. 200 வாட் பெட்டி 100 வாட் பெட்டியைப்போல் இருமடங்கு உரக்க ஒலிக்கும் என்று பலர் நம்புகின்றனர். அது சரியன்று. மின்திறன் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். செவிக்கு அது சிறிய வேறுபாடே. இருமடங்கு உரக்கக் கேட்க வேண்டுமாயின் ஏறத்தாழப் பத்து மடங்கு மின்திறன் தேவை. ஆகவே வாட் கணக்கு ஒன்றை மட்டும் கண்டு கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

வீட்டுப் பயிற்சிக்கு 20 முதல் 30 வாட் போதும். ஹெட்போன் பொருத்தும் துளை இருத்தல் நலம். அண்டை வீட்டாரின் அமைதியும் காக்கப்படும். நடுத்தர ஆலயத்தில் பாடகர் குழுவோடு வாசிக்க 100 வாட் அளவுள்ளதும், 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றோ 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டோ கொண்டதுமான பெட்டி பெரும்பாலும் போதுமானது. மின்திறன் சற்று மிச்சமிருந்தால்தான் உரக்க வாசிக்கும்போதும் ஒலி தெளிவாக இருக்கும்.

திருவிழா நாளில் கொடிமேடை முன் ஆயிரக்கணக்கானோர் கூடுவர் என்பதற்காகப் பெரிய பெட்டி வாங்க வேண்டியதில்லை. ஆம்ப்ளிபயரின் பின்புறம் 'டி.ஐ.' எனப்படும் வெளியீட்டுத் துளை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். அதிலிருந்து ஒரு கம்பியை ஒலிபெருக்கி அமைப்பாளரின் மிக்சருக்குக் கொடுத்துவிட்டால், திடலில் உள்ள பெரிய ஸ்பீக்கர்களே அவ்வேலையைச் செய்துவிடும். 1969-இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் கொண்ட எஸ்.வி.டி. என்னும் பெரிய ஆம்ப்ளிபயரை வெளியிட்டது. எட்டு ஸ்பீக்கர் கொண்ட பெட்டியின்மேல் அது அமரும். பெரும் அரங்குகளில் முழங்கும் ராக் குழுக்களுக்கென உருவான அப்பெட்டியை நம் பலிபீடத்தருகே வைக்கத் தேவையில்லை அல்லவா?

ஆலயம் என்னும் அறை

கடையில் இனிமையாக ஒலித்த பெட்டி ஆலயத்தில் குழம்பி ஒலிப்பதுண்டு. உயர்ந்த கூரையும், கற்சுவரும், வழவழப்பான தரையும் ஒலியை மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்புகின்றன. மக்கள் நிறைந்து அமரும்போது மேற்சுரங்களின் எதிரொலி குறைகிறது; கீழ்ச்சுரங்களின் எதிரொலி அவ்வளவாகக் குறைவதில்லை. ஆகவே வெறும் ஆலயத்தில் சரியாகத் தோன்றிய அளவு, திருப்பலி நேரத்தில் பாட்டை விஞ்சி நிற்கக்கூடும்.

இதற்குச் செலவில்லாத பரிகாரங்கள் உண்டு. பெட்டியைச் சுவர் மூலையில் வைக்காதீர்கள். மூலை கீழ்ச்சுரத்தை மிகைப்படுத்தும். தரையில் வைக்காமல் ஒரு நாற்காலியின் மேலோ உறுதியான மரப்பெட்டியின் மேலோ வைத்து, சற்றுச் சாய்த்து, வாசிப்பவரின் செவியை நோக்கித் திருப்புங்கள். முழங்காலுக்கு ஒலிக்கும் பெட்டியைத்தான் வாசிப்பவர் மேலும் மேலும் கூட்டுகிறார். 'பேஸ்' என்னும் குமிழைச் சற்றுக் குறைத்து, 'மிட்' என்னும் குமிழைச் சற்றுக் கூட்டினால், ஒலி பெருகாமலே சுரம் தெளியும். ஒத்திகையின்போது ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்து, சொற்கள் விளங்குகின்றனவா என்று கேட்டுச் சொல்லட்டும். அவருடைய தீர்ப்பே இறுதித் தீர்ப்பாகட்டும்.

மின்சாரத்தில் விழிப்பு

வெளிநாட்டில் பணிபுரியும் உறவினர் அன்போடு ஆம்ப்ளிபயர் கொண்டு வருவதுண்டு. அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட். பெட்டியின் பின்புறம் எழுதியிருப்பதைப் படிக்காமல் செருகினால், ஒரு நொடியில் பெட்டி பழுதாகிவிடும். தேவையானால் அழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதனினும் முக்கியமானது எர்த் இணைப்பு. இரைச்சல் வருகிறது என்று மூன்று முனைச் செருகியின் எர்த் முனையை நீக்கிவிடுவோர் உளர். இது உயிரோடு விளையாடுவதாகும். கையில் தந்தியும் உதட்டருகே மைக்கும் இருக்கும் நிலையில், எர்த் இல்லாத பெட்டியில் கசிவு ஏற்பட்டால், வாசிப்பவரின் உடல் வழியே மின்சாரம் பாயும். இரைச்சலை நீக்க டி.ஐ. பெட்டியிலேயே தனி விசை உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஆலயத்தின் மின் இணைப்பை ஆண்டுக்கொருமுறை தகுதி பெற்ற மின் பணியாளரைக் கொண்டு சோதிப்பது பங்குப்பேரவையின் கடமை.

ஸ்பீக்கரைக் கூடுதலாக இணைக்கும்போதும் கவனம் தேவை. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம் ஆகிறது. ஆம்ப்ளிபயர் தாங்கும் குறைந்த அளவு எது என்று அதிலேயே குறித்திருக்கும். அதற்குக் கீழே செல்லலாகாது.

பெடல்கள்: தேவையும் ஆசையும்

காலால் அழுத்தி இயக்கும் சிறு பெட்டிகளே பெடல்கள். இவற்றுள் முதலில் வாங்கத்தக்கது டியூனர். தந்திகள் சுருதியில் உள்ளனவா என்று விளக்கால் காட்டும். அழுத்தியவுடன் ஒலியையும் நிறுத்திவிடும். குருவானவர் மன்றாட்டைச் சொல்லுகையில் முழு மௌனம் காக்க இதுவே எளிய வழி. இரண்டாவது கம்ப்ரசர். ஒரு சுரம் ஓங்கியும் மறு சுரம் மெலிந்தும் ஒலிக்கும் குறையை இது சமன் செய்கிறது. ஆயினும் விரல்களின் பயிற்சிக்கு இது ஈடாகாது. ஆம்ப்ளிபயரில் டி.ஐ. இல்லையெனில், அதனைத் தனிப் பெட்டியாக வாங்கலாம். ஆலயப் பணிக்கு இம்மூன்றும் போதும்.

கோரஸ், ஆக்டேவ், ஃபஸ் போன்றவை அடுத்த வரிசை. கோரஸ் ஒலியை இரட்டித்தாற்போல் அலையச் செய்யும். ஆக்டேவ் கீழ்ச்சுரம் ஒன்றைக் கூட்டும். ஃபஸ் ஒலியைக் கிழித்துக் கரகரக்கச் செய்யும். ஃபஸ் பிறந்த கதை சுவையானது. 1960-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு பாட்டைப் பதிவு செய்கையில், மிக்சரில் ஏற்பட்ட பழுதால் கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் கிட்டாரின் ஒலி கிழிந்து ஒலித்தது. கேட்டவர்க்கு அது பிடித்துப்போகவே, 1962-இல் அவ்வொலியைத் தரும் பெடல் விற்பனைக்கு வந்தது. பழுதே பொருளாகிவிட்டது! இளைஞர் மன்றத்தின் கலை நிகழ்ச்சிகளில் இவை விருந்தாகலாம். நற்கருணைப் பாடலின்கீழ் ஒலிப்பின், செவி சொல்லை விட்டு ஓசையின் பின்னே ஓடிவிடும்.

பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குபவை. செருகியின் நடுமுனை எதிர்மின்னாக இருப்பதே பொது வழக்கு. மாறியிருந்தால் பெடல் பழுதாகும். ஆகவே குறியீட்டைப் பார்த்தே செருக வேண்டும்.

பெயர் தெரியாத பணியாளர்

பெடல் கேட்கும் இளைஞர்கள் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவரை அறிதல் நன்று. 1960-களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனம் வெளியிட்டு உலகெங்கும் ஒலித்த எண்ணற்ற பாடல்களுக்கு அவரே பேஸ் வாசித்தார். நான்கு தந்திகள், வலக்கையில் பெரும்பாலும் ஒரே விரல். பதிவரங்கில் அவருடைய கருவி பெரும்பாலும் நேராக மிக்சரிலேயே இணைக்கப்பட்டது. பாடகர்களின் பெயரை உலகம் அறிந்தது. அவரது பெயர் நெடுங்காலம் இசைத்தட்டின் உறையில்கூட இடம்பெறவில்லை. 1971-இல் வெளிவந்த மார்வின் கேயின் இசைத்தட்டில்தான் அவருக்கு உரிய குறிப்புக் கிடைத்தது. ஆனால் அவர் விரலை எடுத்துவிட்டால் அப்பாடல்கள் நிற்குமா?

புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில், உடலின் உறுப்புகளைப் பற்றிப் பேசுகையில், வலுவற்றவையாய்த் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்னும் கருத்தை விளக்குகிறார். அதே மடலில், தெளிவான ஒலி தராத குழலாலும் யாழாலும் பயனில்லை என்றும் உணர்த்துகிறார். பேஸ் கிட்டார் வாசிக்கும் நம் இளைஞருக்கு இவ்விரண்டும் பொருந்தும்.

பெற்றோருக்கும் பங்குப்பேரவையினருக்கும் ஒரு சொல். ஆம்ப்ளிபயர் பங்கின் சொத்தாக ஆலயத்தில் இருக்கட்டும். கருவியும் டியூனரும் மாணவனுடையதாக இருக்கட்டும். முதற்செலவு நல்ல கருவிக்கும் ஆசிரியருக்கும், அடுத்தது ஆம்ப்ளிபயருக்கு, பெடல்கள் கடைசியில். வாங்கித் தர இயலாவிடினும் இளைஞரைக் கடிந்து விரட்ட வேண்டாம். "ஓசையைக் குறை" என்னும் ஒரே சொல்லை மட்டும் கேட்டுக் கேட்டு மனம் சோர்ந்து பாடகர் குழுவை விட்டு நீங்கிய பிள்ளைகள் உண்டு. ஏன் குறைக்க வேண்டும் என்பதை அன்போடு விளக்கி, கடைசி வரிசையில் ஒருமுறை அவரை அமரச் செய்யுங்கள். தம் பாட்டியின் உதடுகள் பாட்டோடு அசைவதை அவர் கண்டுவிட்டால், குமிழை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது அவருக்கே விளங்கிவிடும்.