கடைத்தெரு – 14: ரொக்கம் அங்கே, கடன் இங்கே

வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுவில் சேர்த்ததையும், அந்தப் பணத்தில் விருதுநகர்ப் பக்கம் பள்ளிக்கூடங்கள் எழும்பியதையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கடைத்தெருவுக்கு இன்றைக்கு வந்திருக்கும் சோதனையைப் பற்றி இந்த வாரம் பேசியாக வேண்டும்.

பைபாஸை ஒட்டிப் பெரிய தள்ளுபடிக் கடை திறக்கிறது. முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த இடமில்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக உள்ளே போகிறார்கள். வாங்க வந்தது பருப்பும் எண்ணெயும்தான்; வெளியே வரும்போது பிளாஸ்டிக் வாளியும் இரண்டு டி-ஷர்ட்டும் சேர்ந்திருக்கின்றன. வீட்டில் பில்லை விரித்து, எவ்வளவு மிச்சம் என்று வாசித்துக் காட்டி மகிழ்ந்த அதே ஆள், மறுநாள் காலை கறிவேப்பிலைக்கு அண்ணாச்சி கடைக்குப் போகும்போது அவர் முகத்தைப் பார்க்கத் தயங்குகிறார். "விலை கம்மி" என்பவரும் "அண்ணாச்சி பாவம்" என்பவரும் இந்த ஊரில் வேறு வேறு கட்சி இல்லை. ஒரே வீடு, ஒரே ஆள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் போக மிஞ்சும் சம்பளத்தில் மாதம் ஐந்நூறு ரூபாய் குறைந்தால் அது பிள்ளையின் ட்யூஷனுக்கு ஆகும். பொருளை எடுத்துப் பார்க்கலாம், தேதியைப் படிக்கலாம், வேண்டாமென்றால் திருப்பி வைக்கலாம். "என்ன வேணும், சீக்கிரம் சொல்லுங்க" என்று யாரும் விரட்ட மாட்டார்கள். சில கடைத்தெருக்களில் சாதி பார்த்துப் பேசும் பேச்சு உண்டு. அங்கே சில்லறையைக் கையில் தராமல் மேசையில் வைக்கப்பட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு, யாரென்று கேட்காத பெரிய கடை எவ்வளவு பெரிய நிம்மதி! அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கு பி.எஃப். பிடிக்கிறார்கள். மளிகைக் கடையில் காலை ஆறு மணிக்கு நிற்கத் தொடங்கி இரவு பத்து மணிக்குப் படுக்கும் பையனுக்கு அது கிடையாது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டமே போட வேண்டியிருந்தது. கடைத்தெருவின் நல்லதை மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது.

அந்தப் பெரிய கடையால் எப்படி விலையைக் குறைக்க முடிகிறது? டிமார்ட்டையே எடுத்துக்கொள்வோம். பங்குச் சந்தை முதலீட்டாளர் ராதாகிஷன் தமானி 2002இல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்தார். 2025 மார்ச் முடிவில் 415 கடைகள். பெரும்பாலும் சொந்தக் கட்டடம், ஆகவே வாடகைச் சுமை இல்லை. அலங்காரம் குறைவு. சரக்கு கொடுத்தவருக்குச் சீக்கிரமே பணத்தைக் கொடுத்து, அதற்காகவே விலையைக் குறைத்து வாங்குகிறார்கள். இவையெல்லாம் நல்ல வியாபாரம். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. சோப்பையும் பற்பசையையும் செய்யும் கம்பெனி, பெரிய கடைக்கு ஒரு விலையும் அண்ணாச்சிக்கு ஏஜென்சி வழியாக இன்னொரு விலையும் வைக்கிறது. 2021 டிசம்பரில் அகில இந்திய விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு இதைத்தான் கேட்டுச் சண்டை பிடித்தது: ஆன்லைன் மொத்த வியாபாரிகளுக்கு எங்களைவிடக் குறைத்துக் கொடுத்தால் உங்கள் சரக்கை இனி நாங்கள் கடைகளுக்கு எடுத்துப் போக மாட்டோம் என்று பெரிய கம்பெனிகளுக்கே எச்சரிக்கை விட்டது. அண்ணாச்சி பேராசைக்காரர் என்பதால் அங்கே சோப்பு இரண்டு ரூபாய் கூடுதல் என்று நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் வாங்கும் விலையே சில நேரம் பெரிய கடை விற்கும் விலைக்கு அருகில் இருக்கிறது.

இனி அண்ணாச்சி கடன் எழுதும் பற்று நோட்டுக்கு வருகிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில், நீளவாக்கில், முனை மடங்கி, எண்ணெய்க் கறையோடு கிடக்கும் நோட்டு. அதில் யார் பெயரும் முழுதாக இருக்காது. 'மாடி வீட்டு டீச்சர்', 'இஸ்திரி வண்டி', 'பச்சை கேட்'. ஒவ்வொன்றின் கீழும் தேதி, தொகை. கொடுத்து முடித்த பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு. "ஒண்ணாந்தேதி குடுத்துடறேன் அண்ணாச்சி" என்ற ஒரு சொல்தான் பத்திரம், ஜாமீன் எல்லாம்.

இந்த நோட்டு எப்படி ஓடுகிறது என்பதை நாம் யோசிப்பதே இல்லை. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். தெருவில் நூறு வீடு. அறுபது வீடு ரொக்கம், நாற்பது வீடு கடன். ஏஜென்சிக்காரர் வாரத்தில் ஒரு நாள் பில்லோடு வந்து நின்றுவிடுவார். அவருக்கு ஒண்ணாந்தேதி கதையெல்லாம் ஆகாது. அறுபது வீட்டு ரொக்கத்தை எடுத்து அவர் பில்லைக் கட்டித்தான் நாற்பது வீட்டுக் கடனை மாதக் கடைசி வரை அண்ணாச்சி தாங்குகிறார். பாக்கெட் சாமானில் நூற்றுக்குப் பத்து ரூபாய் நின்றால் பெரிது. சர்க்கரையிலும் எண்ணெயிலும் அதுவும் நிற்காது. பைபாஸ் கடை வந்ததும் கையில் பணம் உள்ள வீடுகள்தான் முதலில் போகின்றன. அறுபதில் முப்பது போனால் போதும். நாற்பது கடன் வீடுகள் அப்படியே இருக்கும், தாங்குவதற்குப் பணம் இருக்காது. அப்போது அவர் கடையை மூட மாட்டார். முதலில் நோட்டைத்தான் மூடுவார். 'கடன் கேட்காதீர்கள்' என்ற அட்டை கல்லாவுக்கு மேலே ஏறும்.

அந்த அட்டை யாரை அடிக்கிறது? சித்தாள் வேலைக்குப் போகிறவரை, வீட்டு வேலை செய்யும் அக்காவை. ரேஷனில் அரிசி வந்துவிடும். ஐந்து ரூபாய்க்குச் சீரகமும் பத்து ரூபாய்க்குப் புளியும் இந்தக் கடையில்தான். பைபாஸ் கடையின் தள்ளுபடி அவருக்கு எட்டாது. பஸ் காசு வேண்டும், ஒரேயடியாகக் கொடுக்கக் கையில் ரொக்கம் வேண்டும். நோட்டு மூடினால் அவருக்குத் திறந்திருக்கும் அடுத்த கதவு குழுக்கடன் அல்லது செல்போன் கடன் ஆப். கடனுக்கு வாங்குகிறார் என்று அண்ணாச்சி சாமானில் ஒன்றிரண்டு ரூபாய் கூட வைத்திருக்கலாம். ஆனால் வாரா வாரம் ஆள் அனுப்பி வாசலில் நிற்க வைத்ததில்லை. ஆகவே, பில்லின் அடியில் நமக்கு மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை நம் தெருவின் ஏழை வீடு கட்டுகிறது என்பதே என் கணக்கு.

இதைச் சொன்னால், "அண்ணாச்சி கடை போனால் என்ன, பெரிய கடைதான் இருக்கிறதே" என்று பதில் வரும். இருக்குமா? சுபிக்ஷாவைத் தமிழ்நாடு மறந்துவிடக் கூடாது. 1997இல் திருவான்மியூரில் தொடங்கி, மளிகையும் மருந்தும் தள்ளுபடியில் கொடுத்து, நாடு முழுக்க சுமார் 1,600 கடைகளாகப் பெருகியது. 2009 தொடக்கத்தில் கையில் பணம் தீர்ந்து, ஊழியர் சம்பளம் நின்று, எல்லா ஷட்டரும் இறங்கின. சென்னையில் தப்பித்தோம், ஏனென்றால் அண்ணாச்சிகள் அப்போது இருந்தார்கள்.

அமெரிக்காவில் அப்படித் தப்பிக்காத ஊர்கள் உண்டு. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மெக்டவல் கவுண்டி நிலக்கரிச் சீமை. சுரங்கங்கள் மூடி மக்கள் வெளியேறி, ஒரு லட்சத்தை நெருங்கியிருந்த ஜனத்தொகை இருபதாயிரத்துக்கு இறங்கியது. அங்கே கிம்பால் என்ற சிற்றூரில் 2005இல் வால்மார்ட் வந்தது. சாமானும் வேலையும் அங்கேதான் என்றானது. ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் சந்தித்துப் பேசிக்கொள்ளும் இடமும் அதுவே. 2016 ஜனவரியில் உலகெங்கும் 269 கடைகளை மூடுவதாக வால்மார்ட் அறிவித்த பட்டியலில் கிம்பாலும் இருந்தது. வந்தபோதும் ஊரைக் கேட்கவில்லை, போனபோதும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு காய்கறிக்கு மலைப்பாதையில் வெகுதூரம் வண்டி ஓட்டினார்கள். வால்மார்ட் கொடுத்துவந்த உணவை நம்பியிருந்த தர்ம உணவு வங்கியும் தவித்தது.

நம் வணிகர் சங்கங்கள் 2012இல் சில்லறை வியாபாரத்தில் அந்நிய நேரடி முதலீட்டை எதிர்த்துக் கடையடைத்தன. தமிழ்நாட்டில் அனுமதிக்க மாட்டோம் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதாவும் அறிவித்தார். அந்தப் போராட்டத்தில் நியாயம் இருந்தது. ஆனால் நாம் கடலைப் பார்த்துக் காவல் நின்றோம். உள்நாட்டுப் பெருமுதலுக்கு அந்த அனுமதியே தேவைப்படவில்லை. நம் போட்டிச் சட்டமும் சந்தையில் ஆதிக்கம் பெற்ற நிறுவனம் அடக்க விலைக்குக் கீழே விற்றுப் போட்டியாளரை ஒழிக்கப் பார்த்தால்தான் கேட்கும். சின்ன ஊரில் ஒரு கடைத்தெரு சாவது அந்தக் கண்ணில் படாது. பிரான்சில் 1973லேயே, நாற்பதாயிரத்துக்கும் குறைந்த மக்கள் உள்ள ஊரில் ஆயிரம் சதுர மீட்டரைத் தாண்டும் கடைக்கு உள்ளூர்க் குழுவின் அனுமதி வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். நம் நகராட்சிகள் கட்டட வரைபடத்தையும் வண்டி நிறுத்தத்தையும்தான் பார்க்கின்றன. கடைத்தெருவைக் கேட்டு முடிவெடுக்கும் வழியொன்று இங்கும் வேண்டும்.

வணிகர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. கோரிக்கை மனுவும் கடையடைப்பும் மட்டும் போதாது. 1898இல் பெர்லின் மளிகைக்காரர்கள் சேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்யக் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். அதுதான் எடேகா, இன்று ஜெர்மனியின் மிகப் பெரிய சூப்பர் மார்க்கெட் குழுமம். சென்னையில் 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் நம் கண்ணெதிரே இருக்கிறது. மகமை போட்டுப் பள்ளிக்கூடம் கட்டிய கைகளுக்கு, நூறு கடை சேர்ந்து கம்பெனியிடம் நேரடியாகச் சரக்கு எடுப்பது முடியாத காரியமா? அதோடு கடைப் பையனுக்கு பி.எஃப். கட்டுங்கள், விலைப்பட்டியலை வெளியே மாட்டுங்கள், வாசலுக்கு வரும் எவரையும் ஒரே மரியாதையோடு நடத்துங்கள். அப்போதுதான் ஊர் உங்கள் பக்கம் நிற்கும்.

வாசகர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெரிய கடைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் குடும்பக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் மாதச் சாமானில் பாதியையாவது, சம்பளம் வந்த வாரத்தில், ரொக்கம் கொடுத்துத் தெருக் கடையில் வாங்குங்கள். பழைய பாக்கி இருந்தால் பைபாஸுக்குக் கிளம்பும் முன் அதைத் தீர்த்துவிடுங்கள்.

(தொடரும்)