படுகளத்தைப் படம் எடுத்தால் மட்டும் போதுமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் மகாபாரதத் திருவிழா என்றால் பகலில் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசன்று வேடக்காரர் பாடிக்கொண்டே மரம் ஏறுவார். அவர் மேலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்துக்காகக் குழந்தை வரம் கேட்கும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். கடைசியில் படுகளம். மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனனின் தொடையைப் பீமன் அடித்துப் பிளக்க, பாஞ்சாலி கூந்தலை முடிவாள். சுற்றிலும் செல்போன்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்.

அன்றிரவே அது யூடியூபில் ஏறிவிடும். ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த வெளியூர் இளைஞர் அதைப் பார்த்தால் என்ன புரியும்? ஏதோ மண்பொம்மையை உடைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

கண்ணால் கண்டதும் பொய்யாகலாம். 1971 பிப்ரவரியில் வெனிசுவேலாவில் யானோமாமி மக்களின் ஊரொன்றில் திடீரென்று அடிதடி மூண்டது. அங்கிருந்த மானிடவியலாளர் நெப்போலியன் சாக்னனும் படமெடுத்த திமோத்தி ஆஷும், முறைதவறிய உறவுதான் காரணம் என்று முதலில் நம்பினார்கள். விசாரித்தால் கதை வேறு. விருந்தாளியாக வந்தவன் வாழைக்காய் கேட்டிருக்கிறான்; தோட்டத்திலிருந்த பெண் மறுத்திருக்கிறாள்; அவன் அடித்துவிட்டான். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கு விடை உறவுமுறையில் இருந்தது. 1975இல் வந்த அவர்களுடைய ‘கோடரிச் சண்டை’ படம் இந்தத் தடுமாற்றத்தை மறைக்கவில்லை. வெட்டாத பதிவை முதலில் காட்டி, பிறகு அதையே மெதுவாக ஓட்டி, அம்புக்குறி போட்டு ஆட்களை அடையாளம் காட்டியது.

1997இல் பீட்டர் பியெல்லா, சாக்னன், கேரி சீமன் மூவரும் அதைக் கணினியில் பார்க்கும் குறுவட்டாக (சிடி-ராம்) ஆக்கினார்கள். காட்சியை நிறுத்தி, அதில் இருப்பவர் யார், யாருக்கு என்ன உறவு என்று பார்க்கலாம். சாக்னனின் ஆய்வுகள் மீது கடும் விமர்சனங்கள் உண்டு. அதனாலேயே இந்த முறை முக்கியம்: அவர் சொன்னதை மாணவரே காட்சியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

நமக்கு வேண்டியதும் இதுதான். மண் துரியோதனனைச் செய்யும் உரிமை யாருக்கு? முதல் மரியாதை எந்த ஊருக்கு? கூத்து வாத்தியார் யாரிடம் கற்றார்? தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இந்த எல்லையில், பார்க்க வந்தவர்கள் கதையை எந்த மொழியில் சொல்லிக்கொள்கிறார்கள்? கேமராவில் இதெல்லாம் விழாது. பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டால்தான் கிடைக்கும். ஓசூரில் மென்பொருள் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. அங்கே ஒரு தொடுதிரை வைத்தால் பள்ளிப் பிள்ளைகளே தொட்டுப் பார்த்துக் கற்பார்கள்.

அடுத்த திருவிழாவில் படம் எடுக்கிறவர்கள் முழுப் பதிவையும் அழிக்காமல் வையுங்கள். மறுநாளே அதை வாத்தியாரிடம் போட்டுக்காட்டி, அவர் சொல்வதை அவருடைய சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள்.