காவலற்ற மின்கலம்: பொழுதுபோக்குச் சாதனங்களின் லித்தியம் மின்கலங்களைப் பேணும் முறை

சில மாதங்களுக்கு முன், புனேயிலுள்ள எங்கள் கிளைக்கு நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். லாக்கர் அறைக்குச் செல்லுமுன் என் மேசையருகே நின்று, "சார், ஒரு சந்தேகம். என் மகன் பொறியியல் படிக்கிறான். சிறிய விமானங்களும் ட்ரோன்களும் செய்து பறக்கவிடுவான். கோடை விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போகிறோம். அவனுடைய பேட்டரிகளைப் பூட்டிய வீட்டில் விட்டுச்செல்லப் பயமாக இருக்கிறது. லாக்கரில் வைக்கலாமா?" என்று கேட்டார்.

"கூடாது" என்று உடனே சொல்லிவிட்டேன். இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த லாக்கர் நெறிமுறைகளின்படி, சட்டவிரோதமான பொருளையோ அபாயகரமான பொருளையோ பெட்டகத்தில் வைக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டிய நிபந்தனை. ஆனால், "அப்படியானால் எங்கே வைப்பது?" என்ற அவருடைய அடுத்த கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. வணிகவியல் படித்த நான், அந்த விடையைத் தேடித் தெரிந்துகொண்டதன் பயனே இக்கட்டுரை.

சிறு பொருளில் பேராற்றல்

லித்தியம் அயனி மின்கலம் 1991-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எடை குறைவு, ஆற்றல் மிகுதி என்பதே அதன் சிறப்பு. ஆபத்தும் அந்தச் சிறப்பிலிருந்தே பிறக்கிறது.

மின்கலத்தின் உள்ளே நேர்மின் தகடும் எதிர்மின் தகடும் மெல்லிய நெகிழித் திரை ஒன்றால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. அடிபடுதல், அளவுக்கு மீறி மின்னேற்றுதல், கடும் வெப்பம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றால் அத்திரை பழுதானால் உள்ளேயே குறுக்குச்சுற்று நேர்ந்து வெப்பம் எழும். அவ்வெப்பம் மேலும் வேதிவினைகளைத் தூண்டும். அவை இன்னும் வெப்பத்தைக் கூட்டும். சில நொடிகளில் நச்சுப் புகையும் தீயும் சீறி வெளிவரும். ஒரு கலத்தில் தொடங்கிய தீ அடுத்த கலத்துக்கும் தாவும்.

ஒரே வாரம், இரு நகரங்கள்

2022 மார்ச் மாத இறுதியில் புனேயின் தானோரிப் பகுதியில், சாலையோரம் நிறுத்தியிருந்த மின்சார ஸ்கூட்டர் ஒன்று தானாகத் தீப்பற்றி எரிந்த காட்சியை நாடே கண்டது. நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை. அடுத்த மாதமே அதன் தயாரிப்பு நிறுவனம் அதே தொகுதியைச் சேர்ந்த 1,441 வண்டிகளைப் பரிசோதனைக்காகத் திரும்பப் பெற்றது. தானோரித் தீ நிகழ்ந்த அதே வாரத்தில் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றத்துக்கு வைத்திருந்த ஸ்கூட்டர் தீப்பற்ற, எழுந்த புகையில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 12 இரவு, செகந்திராபாத்தில் மின்சார ஸ்கூட்டர் விற்பனையகத்தில் பற்றிய தீயின் புகை மாடிப்படி வழியே மேலிருந்த விடுதிக்குள் பரவி எட்டுப் பேரைப் பலிகொண்டது.

இந்நிகழ்வுகளுக்குப் பின் மத்திய அரசு பாதுகாப்புத் தரங்களை இறுக்கியது. 'ஏஐஎஸ் 156' என்னும் தரத்தின் திருத்தம் 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. 1966-இல் நிறுவப்பட்டு, புனேயின் வேதாள் குன்றின் மீது இயங்கிவரும் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் இத்தகைய தரங்களை வெளியிட்டு, சோதனைகளையும் நடத்துகிறது.

காவலன் யார்?

வண்டியின் மின்கலத் தொகுப்பில் ஒரு கண்காணிப்பு மின்சுற்று உண்டு. ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் அது கவனித்து, எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும். கைப்பேசியிலும் அத்தகைய பாதுகாப்பு உண்டு. பொழுதுபோக்கு விமானங்களுக்கும் பந்தயக் கார்களுக்கும் கடைகளில் விற்கப்படும் 'லிப்போ' தொகுப்புகளில் பெரும்பாலும் அது கிடையாது. உறுதியான உலோகக் கூடும் இல்லை. மெல்லிய உறைக்குள் கலங்கள் வெறுமனே அடுக்கப்பட்டிருக்கும். அங்கே காவலன் அதன் உரிமையாளர் மட்டுமே. கீழ்க்கண்ட நெறிகள் அனைத்துக்கும் அடிப்படை இந்த ஓர் உண்மைதான்.

வைத்திருக்கும் முறை

ஒரு கலம் முழுமையாக மின்னேறிய நிலையில் 4.2 வோல்ட் காட்டும். பல நாள் வைத்திருப்பதற்கு ஏற்ற அளவு ஏறத்தாழ 3.8 வோல்ட், அதாவது பாதி மின்னேற்றம். நல்ல மின்னேற்றிகள் அனைத்திலும் இதற்கென 'ஸ்டோரேஜ்' என்னும் தெரிவு உண்டு. பறக்கவிடும் திட்டம் கைவிடப்பட்டால், முழுதும் ஏற்றிய மின்கலத்தை வாரக்கணக்கில் அப்படியே வைத்திராமல் இந்த அளவுக்கு இறக்கிவிட வேண்டும். மாறாக, 3 வோல்ட்டுக்குக் கீழே வடியவிடுவதும் கலத்தைக் கெடுக்கும்.

உலோகப் பெட்டியோ, இதற்கென விற்கப்படும் தீத்தடுப்புப் பையோ பயன்படுத்தலாம். பெட்டியைக் காற்றுப் புகாதவாறு இறுக மூடிவிடக் கூடாது. உள்ளே வாயு பெருகினால் பெட்டியே வெடிக்கும். வாயு வெளியேறச் சிறு வழி இருக்க வேண்டும். ஓடு அல்லது சிமெண்டுத் தரையில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில், திரைச்சீலை, காகிதம், மெத்தை ஆகியவற்றிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். படுக்கையறையும், வீட்டை விட்டு வெளியேறும் வழியும், மாடிப்படியும் இதற்கு உரிய இடங்கள் அல்ல. செகந்திராபாத் கற்பித்த பாடம் அது.

மின்னேற்றும் முறை

கலங்களைச் சமப்படுத்தி ஏற்றும் மின்னேற்றியையே பயன்படுத்துக. 2,200 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள தொகுப்புக்கு 2.2 ஆம்பியர் மின்னோட்டம் பாதுகாப்பான அளவு. பறந்து இறங்கிய மின்கலம் சூடாக இருக்கும். அது ஆறிய பின்னரே ஏற்றத் தொடங்குக. கீழே விழுந்து அடிபட்டதைத் திறந்த வெளியில் சிறிது நேரம் வைத்துக் கவனித்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவருக. உப்பிப் பருத்த மின்கலத்தை மீண்டும் மின்னேற்றவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உறங்கும் நேரத்திலும் வீட்டில் ஆளில்லாத நேரத்திலும் மின்னேற்றுதல் வேண்டா.

எடுத்துச்செல்லும் முறை

மின்முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி மூடியிட்டோ, ஒட்டுநாடா சுற்றியோ, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் இடுக. சாவி, நாணயம் ஆகியவற்றோடு சேர்த்து வைத்தல் ஆபத்து. வெயிலில் நிறுத்திய காரிலும் இருசக்கர வண்டியின் இருக்கைப் பெட்டியிலும் விட்டுவைக்கலாகாது. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் புனேயில், மூடிய வண்டிக்குள் வெப்பம் அதனினும் மிகும்.

விமானப் பயணத்தில் தனி மின்கலங்கள் கைப்பையில் மட்டுமே செல்லலாம். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது. கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 11.1 வோல்ட், 2.2 ஆம்பியர்-மணி கொண்டது ஏறத்தாழ 24 வாட்-மணி. 100 வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலுடன் இரண்டு மட்டும். அதற்கு மேற்பட்டவை பயணிகளுக்கு அனுமதி இல்லை. புறப்படுமுன் தங்கள் விமான நிறுவனத்தின் விதிகளையும் பார்த்துக்கொள்க.

இக்கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து புறப்பட்ட சரக்கு விமானம் ஒன்றில், லித்தியம் மின்கலங்கள் இருந்த சரக்குப் பகுதியில் தீ எழ, விமானம் வீழ்ந்து விமானிகள் இருவரும் மாண்டனர். 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானங்களில் லித்தியம் அயனி மின்கலங்களைத் தனிச் சரக்காக ஏற்றுவது தடைசெய்யப்பட்டது. சரக்கு விமானங்களில் அனுப்புவதற்கும் 30 சதவீதத்துக்கு மிகாத மின்னேற்றம் என்ற வரம்பு வந்தது. ஆகவே, கூரியர் அட்டையில் உள்ளிருப்பதை மறைத்து 'விளையாட்டுப் பொருள்' என்று எழுதி அனுப்புவது பிறர் உயிரோடு விளையாடுவதாகும்.

தீப்பற்றினால்

முதலில் வீட்டிலுள்ளோர் வெளியேற வேண்டும். புகையைச் சுவாசிக்கக் கூடாது. பிறகு 101 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும். சுடரை மட்டும் அணைத்தால் போதாது. உள்வெப்பம் தணியாதவரை மீண்டும் பற்றும். தீயணைப்பு வீரர்கள் மிகுந்த நீரை ஊற்றிக் குளிர்விப்பது இதனால்தான்.

வீட்டுக் காப்பீட்டையும் இவ்வேளையில் எடுத்துப் பாருங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் வழங்கப்படும் 'பாரத் கிருஹ ரக்ஷா' திட்டத்தில், கட்டடத்தைக் காப்பீடு செய்தால், அத்தொகையின் 20 சதவீதம், உச்ச அளவாக 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே காப்பு கிடைக்கிறது. பத்திரத்தின் விலக்குப் பகுதியையும் படியுங்கள். காப்பீடு பொருளை ஈடுசெய்யும்; உயிரை ஈடுசெய்யாது.

பழுதானவை எங்கே போகின்றன?

2022-இல் அறிவிக்கப்பட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய மின்கலங்களை வீட்டுக் குப்பையிலிருந்து பிரித்து, சேகரிப்போரிடமோ மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைப்பது நுகர்வோரின் கடமை. புனேயில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பெரும்பாலும் பெண்களான கழிவு சேகரிப்போரே உரிமையாளராக இருக்கும் 'ஸ்வச்' கூட்டுறவு அமைப்பு இந்நகரில் வீடு வீடாகக் குப்பை பெறுகிறது. அவர்கள் கையாலேயே அதைத் தரம் பிரிக்கின்றனர். நாம் வாழைப்பழத் தோலோடு எறியும் உப்பிய மின்கலம் முதலில் சென்று சேர்வது அக்கைகளில்தான்.

விடை தெரிந்ததும் அந்த வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். அவர் மகன் மின்கலங்களைப் பாதியளவுக்கு இறக்கி, பழைய இரும்புப் பெட்டியில் இட்டு, நிழலான பால்கனிச் சிமெண்டுத் தரையில் வைத்துச் சென்றானாம். உப்பியிருந்த இரண்டை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டான்.

"லாக்கர் வாடகை மிச்சம், சார்" என்று சிரித்தார் அவர். தன் பொருளைத் தானே காக்க மகன் கற்றுக்கொண்டதே எனக்கு அதனினும் பெரிய சேமிப்பாகத் தோன்றியது.