விளையாட்டுக் கணினி: ஆயத்தமாக வாங்குவதா, பாகங்களைச் சேர்ப்பதா?

தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் பொருள்களுள் விளையாட்டுக் கணினியும் இன்று ஒன்றாகிவிட்டது. கல்விக் கட்டணத்திற்கும் மருத்துவச் செலவிற்கும் ஒதுக்கிய சேமிப்பிலிருந்தே பல குடும்பங்கள் இதற்குப் பணம் எடுக்க வேண்டியுள்ளது. ஆகவே, தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதி வாடிக்கையாளர்கள் முடிவெடுக்குமுன் கருத வேண்டியவற்றை இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

மும்பையில் கணினிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற கடைவீதி, கிராண்ட் ரோடு நிலையத்தருகே உள்ள லாமிங்டன் சாலை. மாட்டுங்கா ரோடு நிலையத்திலிருந்து மேற்கு ரயில்வேயின் மெதுவண்டியில் நேராகச் செல்லலாம்; செம்பூரிலிருந்து வருவோர் குர்லாவிலும் தாதரிலும் மாற வேண்டும். பாகங்களைத் தேர்ந்தெடுத்தால், கடைக்காரரே அவற்றைப் பொருத்தித் தரும் வழக்கமும் அங்குண்டு. எனவே, திருப்புளி பிடிக்கத் தெரியாதவருக்கும் இவ்வழி மூடப்பட்டதன்று.

கணினிக்கும் அதன் பாகங்களுக்கும் சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதமே. ஆகவே வரியால் இலாபமில்லை. உண்மையான வேறுபாடு, பழுது நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதில்தான் உள்ளது. ஆயத்தக் கணினிக்கு ஒரே நிறுவனம் பொறுப்பு. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஆனால் அவ்வுத்தரவாதம் பெரும்பாலும் ஓராண்டே. மேலும், சில நிறுவனங்கள் தமக்கே உரிய அளவில் மதர்போர்டும் பவர் சப்ளையும் அமைப்பதால், பின்னாளில் பாகங்களை மாற்றுவது கடினம்.

பாகங்களாக வாங்கினால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உத்தரவாதம் கிடைக்கும். பெட்டியுடன் வரும் ப்ராசஸருக்குப் பொதுவாக 3 ஆண்டுகள். தரமான பவர் சப்ளைக்கு 5 ஆண்டுகளுக்கும் மேலாகவும் கிடைக்கும். ஆனால் எந்தப் பாகம் பழுதானது என்று கண்டறிந்து, உரிய சேவை மையத்திற்கு எடுத்துச் செல்வது நம் பொறுப்பாகிறது. விண்டோஸ் உரிமத்திற்கான செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்வழியில் பற்றுச்சீட்டே நமக்குக் காவல். ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் அதில் இடம்பெற வேண்டும். பில் இல்லாமல் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது முன்பே பயன்படுத்திய கிராபிக்ஸ் கார்டாகவும் இருக்கலாம். ரொக்கத்தைத் தவிர்த்து, யூபிஐ அல்லது அட்டை வழியாகச் செலுத்தினால் பணம் கொடுத்ததற்குச் சான்று நிற்கும்.

'வட்டியில்லாத் தவணை' என்னும் விளம்பரத்தையும் ஆராய்ந்து பாருங்கள். கடன் அட்டை நிலுவைக்கான பூச்சிய வட்டித் திட்டங்களில் வட்டி, செயலாக்கக் கட்டணமாக மறைந்திருப்பதை 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே சுட்டிக்காட்டியது. மொத்தமாகச் செலுத்தினால் கிடைக்கும் தள்ளுபடியையும், தவணைக்கான கட்டணத்தையும் வரியையும் ஒப்பிட்ட பின்னரே கையொப்பமிடுங்கள்.

இறுதியாக, இடத்தையும் எண்ணிப் பாருங்கள். தகரக் கூரையை ஒட்டிய பரணில் வைத்த கணினி வெப்பத்தால் விரைவில் தளரும். மழைக்கால ஈரமும் அதற்குப் பகை. காற்றோட்டமான மூலையும் நல்ல யூபிஎஸ் கருவியும் எவ்வழியில் வாங்கினாலும் தேவை.

பழுதைத் தேடி அலைய நேரமில்லாத குடும்பத்திற்கு ஆயத்தக் கணினியே நன்று. பொறுமையும் ஆர்வமும் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டிற்குப் பாகங்களாக வாங்குவது ஏற்றது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மேம்படுத்தலாம். எதுவாயினும், சேமிப்பின் அளவை முதலில் வரையறுத்த பின்னரே கடைவீதிக்குச் செல்லுங்கள்.