லாரி ஏறி வந்த வள்ளங்கள்

கடற்கரை மீனவன் தன் வள்ளத்தைக் கடலினின்றும் எடுத்து லாரியில் ஏற்றுவது சாதாரணமாக நடக்கிற காரியம் அன்று. வள்ளமே அவனுக்கு நிலம். அதுவே ஏரும் எருதும். பலர் விஷயத்தில் தீராத கடனும் அதுவே. அப்படிப்பட்ட வள்ளங்களை 2018ஆம் வருஷம் ஆகஸ்டு மாத மத்தியில் கொல்லம், திருவனந்தபுரம், ஆலப்புழை, எர்ணாகுளம் ஜில்லாக்களின் மீனவர்கள் இரவோடிரவாக லாரிகளில் ஏற்றிக்கொண்டு, கடலே கண்ணுக்குத் தெரியாத உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டார்கள். கேரள சர்க்காரின் கணக்குப்படி சென்ற வள்ளங்கள் 669; மீனவர்கள் 4,500 பேருக்கு மேல்; அவர்களால் உயிர் தப்பியவர்கள் ஏறத்தாழ 65,000 பேர். பட்டாளத்தாரும் கடற்படையாரும் செய்த சேவை பெரிதுதான். ஆயினும் வீட்டின் கூரை மேல் குழந்தையை வைத்துக்கொண்டு நின்ற தாய்க்கு முதலில் கேட்ட இயந்திரச் சப்தம் பல இடங்களில் மீனவனுடைய வள்ளத்தின் சப்தமே என்பதை அந்நாட்டார் இன்றளவும் மறக்கவில்லை.

“இது மலையாள தேசத்துச் சங்கதி, காவிரிப் பாசனத்துக் குடியானவனுக்கு இதில் என்ன பாத்தியதை?” என்று பூதலூர்ப் பக்கத்து அன்பர் எவரேனும் கேட்கலாம். கேட்பது நியாயமே. பூதலூரிலிருந்து கடல் வெகு தூரம். அங்குள்ளவர்களுக்குத் தண்ணீர் என்றால் கல்லணையும், புதாறும், வெண்ணாறுமே. ஆனால் வயநாட்டு மலைகளில் பெய்த எந்த மழை மேற்கே இறங்கி மலையாள நாட்டை மூழ்கடித்ததோ, அதே மழை கிழக்கே கபினியாய் இறங்கித் திருமகூடலில் காவிரியோடு கலந்து மேட்டூரை நிரப்பிற்று. அவ்வருஷம் ஜூலை மாதத்திலேயே மேட்டூர் 120 அடியை எட்டிவிட்டது. ஆகஸ்டில் விநாடிக்கு இரண்டு இலட்சம் கன அடியளவில் நீர் திறந்து விடப்பட்டது. முக்கொம்பில் 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் 45இல் 9 மதகுகள் ஆகஸ்டு 22ஆம் தேதி இரவில் அடித்துக்கொண்டு போயின. கொள்ளிடம் கரை கொள்ளாமல் கடலுக்கு ஓட, கடைமடைப் பகுதிகளில் வயல் காய்கிறதென்று விவசாயிகள் முறையிட்ட விசித்திரத்தையும் நாம் அப்பொழுது கண்டோம்.

இந்தச் சம்பந்தம் புதியதன்று. 1924ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் இப்படியே ஒரு மழை பெய்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலால் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று மலையாளிகள் அதை இன்றும் சொல்லுவார்கள். அதே வெள்ளம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் புகுந்து திருச்சி, தஞ்சை ஜில்லாக்களைப் பாழ்படுத்திற்று. அதன் அளவை மனத்தில் கொண்டே மேட்டூர் அணை வகுக்கப்பட்டு, 1934இல் முடிவு பெற்றது. மலையாள வெள்ளத்திற்காகக் காந்தியடிகள் ‘யங் இந்தியா’, ‘நவஜீவன்’ பத்திரிகைகள் வாயிலாக நிதி திரட்டினார். சேர்ந்த தொகை ஏறக்குறைய 7,000 ரூபாய். இன்றைக்கு இது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் ஏழைகளும் பெண்களும் தங்கள் உடைமையிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம் அது. மலையாளம் எங்கே, சபர்மதி எங்கே என்று அன்று யாரும் கேட்கவில்லை.

2018க்கு ஒன்பது மாதம் முந்தி நடந்ததைச் சொல்லாமல் அந்த மீனவர்களின் செய்கையை அளந்து அறிய முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் குமரி முனையைச் சுற்றிக்கொண்டு அரபிக் கடலில் இறங்கிற்று. எச்சரிக்கை காலங் கடந்து வந்தது. அது வருமுன்பே ஆழ்கடல் மீன் பிடிக்கும் படகுகள் பல, கரையை விட்டுப் பல நாள் பிரயாண தூரத்தில் இருந்தன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய குமரி ஜில்லாக் கிராமங்களிலும், பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய திருவனந்தபுரத்துக் கிராமங்களிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டும் காணாமலும் போயினர். சர்க்கார்க் கப்பல்கள் தேடுவது போதாதென்று மீனவர்கள் தாங்களே படகெடுத்துக்கொண்டு தங்கள் உறவினரைத் தேடப் போனார்கள். டிசம்பர் மாதத்தில் குமரி ஜில்லாவின் ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் திரண்டு குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தின் மீது உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது, “எங்கள் பிள்ளைகளைத் தேடுங்கள்” என்பதே.

நாட்டார் தம்மைக் கைவிட்டனர் என்ற எண்ணம் ஒரு சமூகத்தின் மனத்தில் பதிந்துவிட்டால் அது எளிதில் மாறுவதில்லை. ஆறாத புண்ணோடிருந்த அதே கரையிலிருந்துதான் ஒன்பது மாதம் கழித்து வள்ளங்கள் லாரி ஏறின. குமரி ஜில்லாத் தமிழ் மீனவர்களும் எல்லை கடந்து சென்றார்கள். “நாங்கள் தத்தளித்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்க முழு உரிமையுடையவர்கள் அதைக் கேளாமல் போனார்கள் என்பதே இவ்விஷயத்தின் சாரம் என்று நாம் கருதுகிறோம்.

அவர்கள் செய்த வேலையின் தன்மையையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கடலில் வள்ளம் ஓட்டுவது வேறு. மூழ்கிப்போன தெருவில் ஓட்டுவது வேறு. கடலில் அலை உண்டு. ஆனால் தண்ணீருக்கடியில் மதிற்சுவர் இல்லை. இரும்புக் கதவு இல்லை. அறுந்து தொங்கும் மின்சாரக் கம்பி இல்லை. செங்கன்னூர், பாண்டநாடு முதலிய இடங்களில் பம்பை ஆறு வீதிகளையே தன் வாய்க்கால்களாக்கிக்கொண்டு ஓடிற்று. அங்கே இயந்திரத்தை முடுக்கினால் அதன் விசிறி சுவரில் மோதி உடையும். முடுக்காவிட்டால் வெள்ளம் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போகும். மீனவர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கழுத்தளவு நீரில் குதித்து, கயிற்றைப் பிடித்து வள்ளத்தை இழுத்தார்கள். ஊர் வாலிபர்கள் வள்ளத்தின் தலைப்பில் நின்று, “இங்கே கிணறு, அங்கே மதில்” என்று வழி சொன்னார்கள். நீரின் மேற்பரப்பைப் பார்த்து அடியோட்டத்தை அறியும் கலை எந்தப் பாடசாலையிலும் கற்பிக்கப்படுவதில்லை. பாய்ச்சல் எங்கே, சுழி எங்கே என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் கற்றவர்களுக்கே அது கைவரும். மலப்புறம் ஜில்லா வேங்கரையில் வள்ளத்தில் ஏற முடியாமல் தவித்த பெண்களுக்காக ஒரு மீனவர் தண்ணீரில் குனிந்து தம் முதுகையே படியாக்கிக் கொடுத்த காட்சியைத் தேசமெங்கும் பார்த்தார்கள். வள்ளங்களில் வந்தவர்களில் கிறிஸ்தவரும், முஸ்லிம்களும், ஹிந்துக்களும் இருந்தார்கள். கூரை மேலிருந்து கை நீட்டியவர்களிலும் அப்படியே. மற்ற நாட்களில் மீன் கூடையைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்ளும் கனவான்களும் அவர்களில் இல்லாமல் இல்லை.

முதல் மந்திரி பினராயி விஜயன் அவர்களைக் கேரளத்தின் சேனையென்று புகழ்ந்து, வள்ளம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் கொடுப்பதாக அறிவித்தார். அவர் நல்லெண்ணத்தோடுதான் அறிவித்தார். ஆனால் கொச்சி மீனவர் ஒருவர், “எங்கள் சகோதரர்களை மீட்டதற்குக் கூலி வேண்டாம்” என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். மீனவர் பலரின் அபிப்பிராயமும் அதுவாகவே இருந்தது. ஆனால் சேதமான வள்ளங்களைச் செப்பனிட்டுத் தருவதை அவர்கள் மறுக்கவில்லை. கூலிக்கும் நஷ்ட ஈட்டுக்கும் உள்ள இந்தப் பேதத்தை நம் உத்தியோகஸ்தர்கள் சரிவரக் கிரகிக்க வேண்டும். கூலி என்பது உழைப்புக்கு விலை வைப்பது. அதை மறுக்கத் தொண்டனுக்குச் சுதந்திரம் உண்டு. சுவரில் மோதிப் பிளந்த வள்ளத்தைச் சரிசெய்து தருவதோ நாட்டின் கடமை. தொண்டனை நாடு பட்டினி போடுவதற்கு அவனுடைய தியாகம் ஒரு நியாயமாகாது.

நீர் வடிந்ததும் உத்ஸாகமும் வடிந்துபோவது வழக்கம். உண்மையான வேலை அப்பொழுதுதான் ஆரம்பமாகிறது. குட்டநாடு என்னும் பிரதேசம் நம் தஞ்சைக்கு ஒருவகையில் சகோதரி. நெல்லே அங்கும் உயிர். வித்தியாசம் என்னவென்றால், அங்குள்ள வயல்களில் பல கடல் மட்டத்திற்கு நாலடி முதல் பத்தடி வரை தாழ்ந்தவை. வரப்புக்குப் பதில் பெருங்கரைகள் எடுத்து, உள்ளே இருக்கும் நீரை இறைத்து வெளியே விட்டுச் சாகுபடி செய்கிறார்கள். கைநகரி முதலிய கிராமங்கள் நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவுகள். அங்கே கடைக்குப் போவதும், பள்ளிக்கூடத்துக்குப் போவதும் படகில்தான். வெள்ளத்தில் கரைகள் உடைந்ததும், வயல், வீடு, வழி மூன்றும் ஒரே நீர்ப்பரப்பாகிவிட்டன. மற்ற ஊர்களில் வீடு திரும்பியவர்கள் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது, இவர்கள் வாரக்கணக்கில் முகாம்களிலேயே இருக்க நேர்ந்தது. ஆகஸ்டு மாதக் கடைசியில் பல்லாயிரம் தொண்டர்கள் படகேறிச் சென்று வீடுகளைச் சுத்தம் செய்தார்கள். ஆசாரியும், மின்சாரத் தொழிலாளியும், குழாய் வேலை செய்பவரும், பாம்பு பிடிப்பவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். உடைந்த கரைகளை அடைத்து, மோட்டார் வைத்து நீரை இறைத்தபின் விதைத்த புஞ்சைப் போகம், வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டலினால் அமோகமாக விளைந்தது. காவிரி வண்டலின் அருமையை அறிந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இதே வகையான தொண்டு தென்கடலின் மறு கோடியிலும் நடந்திருக்கிறது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்க் கூலிகளை ஏற்றிக்கொண்டு போன பீஜித் தீவுகளைப் பற்றி வாசகர்கள் அறிவார்கள். அங்கே கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடியிருக்கிறார். அத்தீவுகளை 2016ஆம் வருஷம் பிப்ரவரி 20ஆம் தேதி வின்ஸ்டன் என்னும் பெரும்புயல் தாக்கி 44 உயிர்களைக் கொண்டது. கோரோ முதலிய வெளித் தீவுகளில் கிராமங்கள் தரைமட்டமாயின. பெரிய கப்பல் அணுக முடியாத பவளப் பாறைத் துறைகளுக்கு, பாய்மரப் படகுகளில் தம் செலவில் உலகைச் சுற்றிக்கொண்டிருந்த வெளிநாட்டு மாலுமிகள் குடிநீரும், தார்ப்பாயும், ஆணியும், ரம்பமும் கொண்டு போனார்கள். பொழுதுபோக்குக்காகக் கடலில் திரியும் செல்வர்களென்று நாம் நினைப்பவர்கள், அங்கேயே நங்கூரமிட்டுத் தங்கிக் கிராமத்தாரோடு சேர்ந்து கூரை வேய்ந்தார்கள். இறக்கிவிட்டுத் திரும்பிய உதவியைவிடத் தங்கியிருந்து செய்த உதவி மேலானது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். அதே 2018ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறிற்று. 1930இல் ராஜாஜியின் சத்தியாக்கிரகப் படைக்கு உணவளிக்கக் கூடாதென்று கலெக்டர் தார்ன் உத்தரவிட்டபோது, தஞ்சை ஜில்லாவின் ஜனங்கள் சோற்று மூட்டைகளைச் சாலை மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்களாம். அந்தப் படை போய்ச் சேர்ந்த வேதாரண்யத்தில் இந்தப் புயலுக்குப் பின் நிற்கிற மரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன; ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மின் கம்பங்கள் விழுந்தன. மல்லிப்பட்டினம் துறையில் படகுகள் ஒன்றன் மேலொன்று ஏறி நொறுங்கின. மாகாண சர்க்கார் சுமார் 15,000 கோடி ரூபாய் கேட்டது. மத்திய சர்க்கார் அவ்வருஷக் கடைசியில் அனுமதித்தது 1,146 கோடி. வெள்ளத்திலிருந்து தானே இன்னும் எழுந்திராத கேரளம் 10 கோடி ரூபாய் கொடுத்ததோடு, தன் மின்சாரத் தொழிலாளர்களையும் இங்கே அனுப்பிற்று. இருண்டு கிடந்த நம் கிராமங்களில் அவர்கள் கம்பம் நட்டார்கள்.

கடலோர மீனவன் துன்புற்றபோது உள்நாட்டு மிராசுதாரர் என்ன செய்தார் என்பது வேறு கேள்வி. அரிசியும் துணியும் அனுப்பியவர்கள் ஏராளம். ஆனால் நொறுங்கிய படகைப் பற்றி யோசித்தவர் சிலரே. சாய்ந்த தென்னையின் நஷ்டம் நமக்குப் புரிகிறது. படகும் மீனவனுக்கு ஒரு தோப்பென்பது புரிவதில்லை.

ஆனால் அந்தப் படகுகள் நமக்கு வேண்டியிருக்கின்றன. கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில், சிதம்பரம் பக்கத்தில் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் என்றும், இன்றைய மயிலாடுதுறை ஜில்லாவில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் என்றும் ஆற்றுக்குள்ளே கிராமங்கள் இருக்கின்றன. வாழையும், மல்லிகையும், காய்கறியும் விளையும் வளமான படுகை நிலம். மேட்டூரில் மதகு உயர்ந்தால் இவை தீவுகளாகிவிடும். 2018இலும், 2022இல் பல தடவையும், 2024இலும் இவர்களைப் படகில் ஏற்றிக் கரை சேர்க்க வேண்டியிருந்தது. முக்கொம்பிலும் கல்லணையிலும் வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவதனால்தான் காவிரி, வெண்ணாறு, புதாற்றுக் கரைகள் காப்பாற்றப்படுகின்றன. அதாவது, பூதலூர் வயல் மூழ்காதிருப்பதற்கு முதலைமேடு மூழ்குகிறது. இந்தக் கணக்கை நாம் மனத்தில் எழுதிக்கொள்வதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இது. கொள்ளிட முகத்துவாரத்திலுள்ள பழையாறு, கொடியம்பாளையம் முதலிய துறைகளில் வெள்ளத் தொண்டுக்கு மனமுவந்து வரும் படகுகளையும் மீனவர்களையும் ஒரு பட்டியலாக எழுதி வைக்க வேண்டும். எந்தப் படகு எந்தத் திட்டுக்கு, ஏற்றிச் செல்ல லாரி யாருடையது, எரிபொருள் எந்தப் பங்கில் என்பது முன்கூட்டியே நிச்சயமாயிருக்க வேண்டும். பட்டியலில் சேர்ந்த படகுக்கும் ஆளுக்கும் இன்ஷூரன்ஸ் கட்டணத்தைச் சர்க்கார் ஏற்க வேண்டும். தொண்டில் சேதமான படகை ஒரு மாதத்திற்குள் செப்பனிட்டுத் தர வேண்டும். சர்க்கார் செய்யும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டுமென்பதில்லை. வியாபாரிகள் கோவிலுக்கு மகமை எடுப்பது போல், காவிரிப் பாசன விவசாயிகள் சங்கங்கள் அறுவடைக்கு வேலி ஒன்றுக்கு ஒரு மரக்கால் நெல் இதற்கென்று ஒதுக்கினால் எவரும் ஏழையாகிவிட மாட்டார். அந்த நெல்லின் கிரயத்தைக் கொண்டு படுகைக் குடிகளுக்கு மேடான இடத்தில் தானியமும் மாடும் வைக்க ஒரு கொட்டகை போடலாம். வெள்ளம் வடிந்ததும் வாழைக் கன்றும் விதையும் வாங்கிக் கொடுக்கலாம்.

கொள்ளிடத்தில் பெருவெள்ளம் ஆடி ஆவணியில் வருகிறது. புயல் ஐப்பசி கார்த்திகையில் வருகிறது. வயலில் வேலை குறைந்திருக்கும் சித்திரை வைகாசியில் பூதலூரிலிருந்து நாலு பேர் பழையாறு வரை போய்ப் படகுக்காரர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால், மேட்டூர் திறக்கும் முன்பே பட்டியல் தயாராகிவிடும்.