அந்த முப்பது ரூபாய் எங்கே போச்சு?

பி.காம். படித்தவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு ரூபாய் உதைத்தாலும் தூக்கம் வராது. எனக்கு முப்பது ரூபாய் உதைத்தது.

2011. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பையனாகச் சேர்ந்து இரண்டு மாதம். அக்கவுண்ட்ஸ் பையன் என்றால் காலையில் வவுச்சர் எழுதணும், மத்தியானம் ஹார்பர் கேட்டுக்கு ஓடணும், சாயங்காலம் மேனேஜருக்கு டீ வாங்கணும். சம்பளம் நாலாயிரத்து ஐந்நூறு. அதில் ஐம்பது ரூபாய்க்கு டாப்-அப் போட்டால் மாசத்தில் பாதியை ஓட்டிவிடலாம் என்பது என் பட்ஜெட்.

அன்றைக்கு ஹார்பர் கேட்டில் எங்கள் கன்டெய்னர் லாரி நிற்கிறது. பேப்பரில் கன்டெய்னர் நம்பர் ஒரு எழுத்து தப்பு. ஆபீஸுக்கு ஒரு போன் போட்டால் ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும். போட்டேன். 'உங்கள் கணக்கில் போதுமான இருப்பு இல்லை' என்றாள் அந்த அம்மாள். முந்தின நாள் ராத்திரி முப்பது ரூபாய் நாற்பது காசு இருந்தது, இப்போது வெறும் நாற்பது காசு! டிரைவர் செல்லில் சார்ஜ் இல்லை. காயின் பாக்ஸ் தேடி வெயிலில் ஓடி, ஒரு ரூபாய்க் காசு தேடி, பேசி முடிப்பதற்குள் கட்-ஆஃப் நேரம் தாண்டிவிட்டது. கன்டெய்னர் கப்பலைத் தவற விட்டது.

"ஏல, செல்லுல பேலன்ஸ் இல்லாதவனுக்கு எதுக்குல செல்லு?" மேனேஜர் அண்ணாச்சி கேட்டதில் அச்சில் போடக்கூடியது இது மட்டும்தான்.

சாயங்காலம் மெசேஜைத் தோண்டினேன். காலை ஆறு மணிக்கு ஒன்று வந்திருந்தது. 'உங்கள் லவ் டிப்ஸ் பேக் வெற்றிகரமாகப் புதுப்பிக்கப்பட்டது. கட்டணம் ரூ.30.' புதுப்பிக்கப்பட்டதாம்! அப்படியானால் போன மாசமும் போயிருக்கிறது. எனக்கு அப்போது லவ்வும் கிடையாது, டிப்ஸ் கொடுக்க ஆளும் கிடையாது.

கஸ்டமர் கேரில் ஒன்றை அழுத்தி, மூன்றை அழுத்தி, ஒன்பதை அழுத்தி, கடைசியில் ஒரு மனிதக் குரல் கிடைத்தது. "உங்க நம்பர்லேருந்துதான் சார் ரெக்வெஸ்ட் வந்திருக்கு" என்றார், ரொம்ப மரியாதையாக. எப்படிப் போயிருக்கும்? அந்தக் காலத்தில் திரையில் தானாக ஒரு கட்டம் முளைக்கும், 'ஓகே', 'கேன்சல்' என்று. பேன்ட் பாக்கெட்டுக்குள் செல் கிடக்கும்போது என் தொடையே ஓகே சொல்லியிருக்க வேண்டும்.

என் கதையாவது சிரிக்கிற கதை. அத்தை கதை வேறு.

அத்தை உப்பளத்தில் வேலை. விடியுமுன்னே போய், தலையில் உப்புச் சுமந்து வருகிறவள். பத்து ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் கையில் ஏழு ரூபாய்ச் சொச்சம்தான் நிற்கும். அதைப் பேசிக் கரைக்கவும் மாட்டாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். தினம் வீடு திரும்பியதும் அவனுக்கு ஒரு மிஸ்டு கால். 'நல்லபடியா வந்துட்டேன்' என்று அர்த்தம். காலணா செலவில்லாத தந்தி!

யாருக்கோ போன் போட்டபோது நடுவே 'இந்தப் பாட்டு வேண்டுமானால் ஸ்டாரை அழுத்தவும்' என்று குரல் வர, அத்தை எதையோ அழுத்திவிட்டாள். காலர் ட்யூன் வந்து உட்கார்ந்துகொண்டது. அவளைக் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் குத்துப்பாட்டு. ஒரு துஷ்டி வீட்டிலிருந்து சொல்லி அனுப்பக் கூப்பிட்டவர்கள் கூடக் கேட்டிருக்கிறார்கள். மாசம் பிறந்ததும் காசு போகும். "செல்லு காசத் திங்குது ராசா, ரிப்பேரு போல" என்று கடைக்காரரிடம் இரண்டு தடவை கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள்.

பேலன்ஸ் சுத்தமாகத் துடைத்துப் போனால் மிஸ்டு கால்கூடப் போகாது. ஒரு நாள் அப்படிப் போகவில்லை. மகன் இங்கிருந்து கூப்பிட்டுப் பார்த்தான், மணி அடித்தது, அசதியில் தூங்கிவிட்டவள் எடுக்கவில்லை. பயந்துபோய் ராத்திரியே பஸ் ஏறிவிட்டான். விடிகாலையில் கதவைத் தட்டினால் அத்தை உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள்! இரண்டு நாள் சம்பளம், பஸ் சார்ஜ், இதெல்லாம் எந்த பில்லில் வரும்?

இதில் சூட்சுமமே தொகை சின்னது என்பதுதான். முப்பது ரூபாய்க்கு யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள். லட்சம் பேரிடம் முப்பது எடுத்தால் முப்பது லட்சம். பாட்டுக் கம்பெனிக்கு ஒரு பங்கு, டெலிபோன் கம்பெனிக்குப் பெரிய பங்கு. எங்கள் ஊரில் முத்துக் குளிப்பு நடந்தபோது சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்தும் இருக்கலாம், வெறும் சதையும் இருக்கலாம். ஆனால் கையைத் தூக்கியவன் தலையில்தான் அந்தச் சிப்பி விழும். இங்கே கையைப் பாக்கெட்டில் வைத்திருந்தவன் தலையிலும் விழுந்தது!

புகார்கள் குவிந்து, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவுமேல் உத்தரவு போட்டது. 2013 ஜூலையில் வந்ததுதான் கொஞ்சம் கடித்தது. வாடிக்கையாளர் ஒருமுறை சரி என்றால் போதாது, இரண்டாவது தடவையும் சம்மதம் வாங்கியாக வேண்டும். நிறுத்துவதற்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக 155223 என்று ஓர் இலவச எண்ணும் கொடுத்தார்கள். நாம்தான் ஏமாளி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவிலும் ஜோசியம், ரிங்டோன் என்று மாசம் 9.99 டாலர் பில்லில் நுழைத்திருக்கிறார்கள். 2014 அக்டோபரில் ஏடி அண்ட் டி கம்பெனி 10 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது.

அப்புறம் 2016-ல் ஜியோ வந்தது, பேலன்ஸ் என்ற வார்த்தையே மறந்துபோனது. தொல்லை விட்டது என்று நினைத்தேன். போன மாசம் பாஸ்புக்கைப் பார்த்தால் 399 ரூபாய் உதைக்கிறது!

ஏதோ ஒரு சினிமா ஆப். 'ஒரு ரூபாய்க்கு ஏழு நாள்.' ஒரு ரூபாய்தானே என்று பின் நம்பர் போட்டேன். அந்த ஒரு ரூபாயோடு ஆட்டோ பேக்கும் கையெழுத்தாகிவிட்டது. 2020-ல் யூ.பி.ஐ.யில் வந்த வசதி அது. பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்லியாக வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் முதல் இருக்கிறது. எனக்கும் சொல்லியிருக்கிறார்கள், நாற்பது விளம்பர மெசேஜுக்கு நடுவில்! மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 தந்திரங்களில் இந்தச் சந்தாப் பொறியும் ஒன்று.

இலவசத்தைக் கண்டால் எங்கள் ஊர்க்காரனுக்கு உஷார் வந்திருக்க வேண்டும். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் டிக்கெட்டே வேண்டாம், ஏறினால் குடையும் இலவசம் என்றது. 1911-ல் சுதேசிக் கம்பெனியே மூடப்பட்டது.

யூ.பி.ஐ. ஆப்பில் 'ஆட்டோ பே' என்ற இடத்தைத் தேடிப் பிடித்து, ரத்து என்பதை அழுத்தினேன். பிறகு சினிமா ஆப்புக்குள்ளும் போய் நிறுத்தச் சொன்னேன். திரையில் ஒரு அழுகிற பொம்மை வந்தது. 'எங்களை விட்டுப் போகிறீர்களா? இருங்கள், இரண்டு மாதம் இலவசம்!'

பக்கத்தில் அத்தை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். "என்னல சொல்லுது?"

"குடை தாறானாம் அத்தே."

"வெளியே வெயிலும் இல்ல, மழையும் இல்ல. அமுக்கிட்டு வால, காப்பி ஆறுது" என்றாள்.