அம்மாவுக்கு ஒரு காந்தா

மேற்கு வங்காளத்தில் பீர்பூம் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. செம்மண் பூமி. பனைமரம் நிறைய உண்டு. நெல்தான் முக்கிய விளைச்சல். கோடையில் அங்கே வெயில் கொளுத்தும். மார்கழி, தை மாதங்களில் குளிர் வாட்டும். இரவில் 10 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும்.

அந்தக் குளிரில் ஓர் ஏழை வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஆறு பேர். போர்வை நாலுதான். முதலில் குழந்தைகளுக்குப் போர்த்துவார்கள். பிறகு வயதான மாமியாருக்கு. பிறகு வயலுக்குப் போய் வந்த கணவனுக்கு. கடைசியில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பாள். கேட்டால், "எனக்குக் குளிரவில்லை" என்பாள். எல்லா ஊர் அம்மாக்களும் சொல்வதுதான் இது.

இத்தனைக்கும் அந்த நாலு போர்வைகளையும் தைத்தவள் அவள்தான்.

அந்தப் போர்வைக்குப் பெயர் காந்தா. பழைய பருத்திப் புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊசியால் நெருக்கமாகத் தைத்தால் அது காந்தா. கடையில் துணி வாங்க வேண்டாம். பஞ்சு வேண்டாம். தையல் மெஷின் வேண்டாம். முன்காலத்தில் நூல்கூட வாங்கமாட்டார்கள். கிழிந்த புடவையின் கலர்க் கரையிலிருந்து இழை இழையாக நூலை உருவி எடுத்து, அதையே ஊசியில் கோப்பார்கள்.

குழந்தை பிறக்கும் வீட்டில் முதலில் தயாராவது காந்தாதான். பச்சைக் குழந்தையின் உடம்புக்குப் புதுத்துணி உறுத்தும். பல தடவை துவைத்த பழந்துணி பூப்போல இருக்கும். மகளுக்குக் கல்யாணம் என்றாலும் அம்மா ஒரு காந்தா தைத்துக் கொடுப்பாள். இப்படி எப்போதும் அம்மாதான் தைத்துத் தருகிறாள். அவளுக்கு ஒன்று தைத்துக் கொடுக்க மகளோ மருமகளோ உட்கார்ந்தால் என்ன? மகன் உட்கார்ந்தாலும் தப்பில்லை. ஊசி பிடிக்க ஆண் கைக்கும் வரும். ஊர்த் தையல்காரர்களில் பலர் ஆண்கள்தானே.

முதலில் துணி. நாலைந்து வருடம் கட்டிய நூல் புடவைதான் ஏற்றது. இப்போது பல வீடுகளில் கட்டுவது பாலியஸ்டர் புடவை. அது காந்தாவுக்கு உதவாது. வழுக்கும், அடுக்கு நிற்காது. வேர்வையை உறிஞ்சாது. அடுப்புப் பொறி பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே வீட்டில் நூல் புடவை இருந்தால் அதைப் பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

அம்மாவின் புடவையை அவளிடம் கேட்காமல் எடுக்கக்கூடாது. அவளுக்கு மட்டும் தெரிந்த காரணத்துக்காக ஏதோ ஒரு புடவையைப் பெட்டியின் அடியில் வைத்திருப்பாள். அதை வெட்டிவிட்டால் பரிசே வருத்தமாகிவிடும்.

ஒரு புடவை சுமார் 5 மீட்டர் நீளம். அதைப் பாதியாக மடித்தால் இரண்டரை மீட்டர் நீளத்தில் இரண்டு அடுக்கு கிடைக்கும். இரண்டு புடவை என்றால் நாலு அடுக்கு. ஒரு ஆளுக்கு இது போதும். மூன்று புடவை வைத்தால் ஆறு அடுக்கு. சூடு அதிகம், ஆனால் ஊசி இறங்காது, விரல் வலிக்கும். புடவையின் அகலம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்தான். புரண்டு படுக்கிறவர்களுக்கு அது பற்றாது. ஓரத்தில் வேறு துண்டை ஒட்டுப்போட்டு அகலமாக்கிக்கொள்ளலாம். ஒட்டுப்போட்ட இடம் எல்லா அடுக்கிலும் ஒரே நேராக வரவேண்டாம். வந்தால் அங்கே தடித்துப்போகும்.

புடவைகளை நன்றாக அலசிக் கஞ்சி போகச் செய்து வெயிலில் காயவையுங்கள். சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியை நனைத்துக் கரையின்மேல் அழுத்தித் தேயுங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் அந்தக் கரையை வெட்டி விடுங்கள். நைந்த இடங்கள் நடு அடுக்கில் போகட்டும். நல்ல பாகம் மேலும் கீழும் வரட்டும். மேலே வெள்ளைத் துணி வந்தால் தையல் பளிச்சென்று தெரியும்.

தரையைப் பெருக்கிப் பாய் விரித்து, அடுக்குகளைச் சுருக்கம் இல்லாமல் விரியுங்கள். நாலு மூலையிலும் செங்கலோ சொம்போ வையுங்கள். இந்த வேலையைத் தனியாகச் செய்வது கஷ்டம். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். பிறகு ஓரங்களை உள்ளே மடித்துச் சுற்றிலும் தையுங்கள். நடுவில் அங்கங்கே நீளமாக இழைத்தையல் போடுங்கள். துணி நகராமல் இருக்கத்தான் இது. வேலை முடிந்ததும் பிரித்துவிடலாம்.

இனித்தான் உண்மையான வேலை. ஊசியைக் கீழே விட்டு, மேலே எடுத்து, நேராக ஓட்டிக்கொண்டே போக வேண்டும். இதற்குமேல் வேறு வித்தை இல்லை. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துக்கொண்டு வாருங்கள். அப்போது சுருக்கம் ஓரத்துக்குத் தள்ளப்படும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும். பழகிய கை அதற்குள் இன்னும் இரண்டு வரி ஓட்டும். ஒரு கை நீளத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள், சிக்கிக்கொள்ளும். விரலில் துணி சுற்றிக்கொண்டால் ஊசி குத்தாது.

தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சாதாரண காந்தா ஒன்றுக்கு ஒரு மாதத்துக்கு மேலேயே ஆகும். நடுவில் தாமரை, நாலு மூலையில் மரம், இடையில் மீன், யானை, பல்லக்கு என்று போட்டுத் தைத்த காந்தாவுக்கு மாதக்கணக்கு, சிலசமயம் வருடக்கணக்கு ஆகும். அம்மாவுக்குக் குளிர் வருவது வரும் மார்கழியில். ஆகவே முதல் காந்தாவுக்குப் பூ வேலை வேண்டாம். மழைக்காலத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

பழந்துணி எப்படிக் குளிரைத் தாங்கும் என்று கேட்கலாம். துணிக்கு என்று சூடு கிடையாது. சூடு நம் உடம்பிலிருந்து வருகிறது. அடுக்குகளுக்கு நடுவே காற்று அசையாமல் நிற்கிறது. அசையாத காற்று வழியாகச் சூடு சீக்கிரம் வெளியே போகாது. நெருக்கமாகத் தைக்கும்போது துணி சிறுசிறு அலைபோல மடிகிறது. அந்த அலைகளிலும் காற்று தங்குகிறது. ஒரு தடித்த துணியைவிட நாலு மெல்லிய துணி நன்றாக இருப்பது இதனால்தான்.

இன்னும் ஒரு வேலை உண்டு. வங்காளத்துக் கிராமங்களில் குழந்தை பெற்ற பெண்ணை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. 'இன்னாரின் அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். நம் பக்கமும் அப்படித்தானே? அவளுடைய பெயர் ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும்தான் இருக்கும். அதை அவள் படித்திருக்கவும் மாட்டாள். எழுதப் படிக்கக் கற்ற மகள் காந்தாவின் ஒரு மூலையில் அம்மாவின் பெயரைத் தைக்கலாம்.

முதலில் சாக்குக்கட்டியால் நாலு விரல் உயரத்துக்கு எழுதுங்கள். அதன்மேல் தையுங்கள். வங்காளி எழுத்துக்கு மேலே ஒரு நேர்கோடு உண்டு. அந்தக் கோட்டை முதலில் தைத்துவிட்டு எழுத்துகளைத் தொங்கவிடுவது சுலபம். தமிழ் எழுத்தில் வளைவு அதிகம். வளைவில் தையல் குட்டையாக இருந்தால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும். பெரிய தையல் போட்டால் 'ள' கோணிப் போய்விடும்.

காந்தாவில் பெயர் தைப்பது புது வழக்கம் அல்ல. குருசதய் தத் என்ற அரசு அதிகாரி வங்காளக் கிராமங்களில் சுற்றிக் காந்தாக்களையும் பொம்மைகளையும் படங்களையும் சேர்த்தார். அவர் 1941-இல் இறந்தார். கொல்கத்தாவை ஒட்டிய ஜோகாவில் அவர் பெயரில் அருங்காட்சியகம் அமைந்தது. அவர் சேர்த்தவற்றில் மானதாசுந்தரி என்ற பெண் தைத்த காந்தா ஒன்று உண்டு. அவர் குல்னாவைச் சேர்ந்தவர். அந்த ஊர் இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. தன் கையால் அப்பாவுக்காகச் செய்தது என்று அதில் எழுத்தாகவே தைத்திருக்கிறார்.

இன்று காந்தாத் தையல் பெரிய வியாபாரம். பட்டுப் புடவையிலும் துப்பட்டாவிலும் தைத்து நகரக் கடைகளில் விற்கிறார்கள். பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023-இலும், பீர்பூமைச் சேர்ந்த தக்தீரா பேகத்துக்கு 2024-இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து கூலிக்குத் தைக்கும் பல பெண்களுக்கு வருவது சொற்பக் காசுதான். ஆர்டர் துணி மடியில் இருக்கும்போது தன் அம்மாவுக்குத் தைக்க நேரம் ஏது? இரவில் விளக்கடியில் தைக்கிறவர்களும் உண்டு. அதில் கண் சோர்ந்துபோகும். பகல் வெளிச்சத்தில் அரைமணி தைப்பது மேல்.

காந்தா தைத்தபின் துணித்துண்டுகள் மிஞ்சும். அவற்றைத் திணித்து உள்ளங்கை அளவு மெத்தை ஒன்று தையுங்கள். பத்துப் பன்னிரண்டு ஊசிகளில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு நூல்களைக் கோத்து அதில் குத்தி வையுங்கள். வயதான அம்மாவுக்குத் தைக்கத் தெரியும், ஊசிக் காதுதான் தெரியாது. ஒரு பொத்தான் தைக்கக்கூடத் தெருவில் போகிற பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கும். இனி வேண்டாம். ஊசிகள் தீர்ந்ததும் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து மறுபடி கோத்து வைப்பாள்.